குப்பை வீடு திரும்பிய ஆடி மாதம்

திருப்பூரிலிருந்து தெற்கே போகிற சாலையில், கடைசிப் பனியன் கம்பெனியும் முதல் தென்னந்தோப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில், நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட வஞ்சியம்மன் நகர் இருக்கிறது. அங்கே ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்த பிறகும் செய்தித்தாள் வருவதற்கு முன்பும், முதல் நாள் வண்டியில் ஏற்றி அனுப்பிய குப்பையெல்லாம் நடந்து வீடு திரும்பியது.

வரிசையாக வந்தது. கறுப்புக் கவர், மஞ்சள் கட்டைப்பை, தீபாவளிக்கு ஜவுளி வாங்கிய பை என்று எந்தப் பையில் கட்டிப் போட்டார்களோ அந்தப் பையோடேயே, முடிச்சைத் தலைபோல நிமிர்த்திக்கொண்டு, அடிப்பாகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊன்றி ஊன்றி, கல்யாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களின் நடையில் வந்தது. ஆடிக்காற்றுதான் உருட்டிக்கொண்டு வருகிறது என்று முதலில் நினைத்தவர்கள், அவை காற்றுக்கு எதிராக வருவதைப் பார்த்துவிட்டு, சரி, காற்று இல்லை என்று சொல்லி வாசல் தெளிக்கிற வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஒவ்வொரு பையும் தன்தன் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்க" என்று சொல்லாமல் இருக்க முடியாது. சண்டைக்காரன் வந்து நின்றால்கூட வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். அதனால் பழக்கதோஷத்தில் "வாங்க" என்றார்கள். சொன்னதுதான் தாமதம், பைகள் படியேறி, கூடத்தைத் தாண்டி, நேராகச் சமையலறைக்குப் போய் சிங்க்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டன.

எல்லா வீட்டுக்கும் ஒரு நாள் குப்பைதான் வந்தது. பதினேழாம் நம்பர் வீட்டுப் பூங்கோதைக்கு மட்டும், திங்கட்கிழமைப் பையோடு கூட, அதற்கு முந்தின வியாழக்கிழமைப் பையும் வந்தது. அவள் அதைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அது அவளுக்காகக் காத்திருக்காமல் உள்ளே வந்துவிட்டது.

வியாழக்கிழமை நடந்தது இதுதான். காலை ஏழே காலுக்கு, கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பூங்கோதையின் கை தட்டி எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் விழுந்து உடைந்தது. அவள் கண்ணாடியைக் கூட்டி அள்ளினாள். மிச்சச் சோறு இருந்த கவரில் போட்டாள், மேலே கத்திரிக்காய்க் காம்பையும் டீத்தூளையும் கொட்டினாள், முடிச்சுப் போட்டாள், கேட்டில் மாட்டினாள், வேனுக்கு ஓடினாள். அந்தக் கவரை எடுத்துப் பிரித்து, சோற்றைத் தனியாக எடுக்கக் கையை விட்ட மயிலாத்தாளின் வலது கையில், உள்ளங்கையிலிருந்து மோதிர விரல்வரை கிழிந்து ஒன்பது தையல் போட்டார்கள். மயிலாத்தாள் பன்னிரண்டு வருஷமாக அந்த நகருக்குப் பேட்டரி வண்டி ஓட்டிக் குப்பை எடுக்கிறவள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்குப் பதிலாக வேறு ஒருவர் வந்தார். யார் வீட்டுக் கண்ணாடி என்று யாரும் சொல்லவில்லை. பூங்கோதைக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவள் அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்தாள். சோறு காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின் ஓரம் பழுப்பேறியிருந்தது. அவள் மறுபடியும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

குப்பை ஏன் திரும்பி வந்தது என்று வஞ்சியம்மன் நகரில் ஒருவரும் ஆராயவில்லை. வந்துவிட்டதை எப்படி அனுப்புவது என்பதுதான் பேச்சாக இருந்தது. பக்கத்து நகரின் தொட்டியில் போட்டுப் பார்த்தார்கள், மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. கொளுத்திப் பார்த்தார்கள், பை எரியவில்லை, இருமியது, இருமல் தாங்காமல் அவர்களே தண்ணீர் ஊற்றினார்கள். பூங்கோதையின் கணவர் சென்னியப்பன், விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், நகர் நலச் சங்கத்தின் செயலாளர், மைக் கிடைத்தால் விடமாட்டார் என்று பெயரெடுத்தவர். அவர் தம் வீட்டுத் திங்கட்கிழமைப் பையை பைக்கில் வைத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிப்போய் வாய்க்காலில் எறிந்துவிட்டு, வழியில் டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்தபோது, பை அவருக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றுகொண்டிருந்தது. கூட இன்னொரு பையும் நின்றது. அது வாய்க்கால் கரையில் ரொம்ப நாளாகத் தனியாகக் கிடந்ததாம், துணைக்கு வந்துவிட்டது.

"ஏம்புள்ள, இதுகளை என்ன பண்றது?" என்றார் சென்னியப்பன்.

"வாங்கன்னு சொல்லுங்க. நனைஞ்சு போய் நிக்குதுக" என்றாள் பூங்கோதை.

வழி கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு ரெஜினா டீச்சர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான அவர், தம் வீட்டுப் பையை முற்றத்தில் செய்தித்தாள் விரித்துக் கொட்டி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நிதானத்தோடு ஒவ்வொன்றாக எடுத்து, தோலும் காம்பும் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம், கவரைக் கழுவி ஒரு பக்கம், தேய்ந்த பேட்டரியும் பியூஸ் போன பல்பும் தனியே ஒரு பக்கம் என்று வைத்தார். பிரித்து வைக்க வைக்க, அதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்த குப்பை, பள்ளி விட்டபின் பிள்ளைகள் தூங்கிப்போகிற மாதிரி அப்படியே அடங்கி, வெறும் தோலாகவும் வெறும் தாளாகவும் ஆனது. காகிதமும் கவரும் வண்டியில் போயின, திரும்பவில்லை. தோலை அவர் அடியில் துளை போட்ட மண்பானையில் போட்டு, காய்ந்த இலையைப் பரப்பி, புளித்த மோர் தெளித்து மூடினார். அதுவும் வெளியே வரவில்லை.

மறுநாளே நகர் முழுக்கச் செய்தித்தாள் விரிந்தது. பிரித்துக் கொட்டியபோது, இத்தனை நாள் முடிச்சுக்குள் இருந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. தலைமுடி இயற்கையாகவே கறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வீட்டில் சாயப் பாக்கெட்டுகள் இருந்தன. பூண்டைக்கூட வாசலுக்குள் விடாத வீட்டில் முட்டை ஓடுகள் இருந்தன. எதிரும் புதிருமாக ஆறு வருஷம் பேசாமலிருந்த இரண்டு வீடுகளில் ஒரே அத்தை அனுப்பிய முறுக்குப் பொட்டலத்தின் ஒரே தாள் இருந்தது. நாற்பத்திரண்டு வீட்டிலும் கொட்டிக் கிடந்ததால் ஒருவரையொருவர் எதுவும் கேட்கவில்லை. சென்னியப்பனைத் தவிர மற்றவர்கள் தப்பித்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் அவருடைய கடைக் குப்பை கடைக்குப் போகாமல், எது தன் வீடு என்று அதற்குத் தெரிந்திருந்ததால், நேராகப் பூங்கோதையிடம் வந்தது. உள்ளே மைசூர்பாக் டப்பாக்கள் ஏழு இருந்தன. சென்னியப்பனுக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை.

"ஏனுங்க, இதென்னுங்க?"

"அது கஸ்டமருங்க வாங்கிட்டு வந்தது."

"ஏழு கஸ்டமரும் ஒரே கடையில மைசூர்பாக் வாங்கிட்டு, அவிங்களே தின்னுட்டு, டப்பாவை மட்டும் உங்ககிட்டக் குடுத்துட்டுப் போனாங்களா?"

சென்னியப்பன் பையைப் பார்த்தார். பை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓர் அங்குலம் பூங்கோதையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

அன்று பூங்கோதை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, சமையலறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள் அவள். தையல் விட்டது, ஓட்டை விழுந்தது, கறை பட்டது என்று மூன்று பெட்டி வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமலேயே கையால் போடுவாள். கைக்கு எட்டாத தூரத்தில் பெட்டி இருந்தால் எத்தனை நல்ல செக்கரும் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கவர் தொங்கும், அதற்குள் எல்லாம்.

அவள் காய் நறுக்குகிற இடத்துக்கு நேர் கீழே, கத்தியால் தள்ளிவிட்டாலே விழுகிற மாதிரி, மூடி போட்ட பச்சை வாளியை வைத்தாள். வலது கைப் பக்கம், அடுப்பு மேடைக்கு அடியில், காகிதத்துக்கும் டப்பாவுக்கும் நீல வாளி வைத்தாள். அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்த, எதற்கென்று தெரியாமல் சேர்ந்திருந்த நூற்றுச் சொச்சம் ஐஸ்கிரீம் டப்பாக்களையும் மூடியில்லாத பாத்திரங்களையும் பாத்திரமில்லாத மூடிகளையும் வெளியேற்றினாள். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று மண்பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். சென்னியப்பனுக்கு இடது கைப் பழக்கம். அதனால் டீ வடிகட்டுகிற இடத்தில், இடது பக்கமாக, டீத்தூளுக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணமும் வைத்தாள். அவருக்கு நாலு எட்டு நடந்துபோய்ப் போடத் தெரியாது என்பதை அவள் கல்யாணமான அடுத்த நாளே கண்டுகொண்டிருந்தாள்.

ஒரே வாரத்தில் எல்லாப் பையும் அடங்கிப்போயிற்று. அந்த வியாழக்கிழமைக் கவர் மட்டும் போகவில்லை.

அவள் சோற்றைப் பானையில் போட்டாள். கண்ணாடியைக் கழுவி, நாலு மடிப்புத் தாளில் சுற்றி, மேலே பேனாவால் "கண்ணாடி, கவனம்" என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் காலையில் அந்தப் பொட்டலம் வாசலில் நின்றது. அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி அனுப்பினாள். டேப்பைப் பிரித்துவிட்டுப் பொட்டலமாகவே வந்தது. மூன்றாம் தடவை அது சமையலறைக்குப் போகவில்லை. அவள் பின்னாலேயே நடந்தது. அவள் கோலம் போட்டால் பக்கத்தில் நின்றது, சீரியல் பார்த்தால் சோபாவில் ஏறி உட்கார்ந்தது, கம்பெனி வேனில் அவள் காலடியில் போய்வந்தது. வேனில் மற்றப் பெண்கள் கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். "கண்ணாடி பாரு, பத்திரம்" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று அவள் ஒவ்வொரு வேகத்தடையிலும் அதைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம். மயிலாத்தாள் தையல் பிரித்து வேலைக்குத் திரும்புகிறாள்; அவளுக்குச் சால்வை போட வேண்டும் என்று சென்னியப்பன் ஏற்பாடு செய்திருந்தார். மயிலாத்தாள் முன்வரிசை ஓரத்தில், அவளே வந்து, அவளே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சால்வைக்கு முன்னால் சென்னியப்பன் பேசினார். தூய்மையைப் பற்றிப் பேசினார், மண்பானையைப் பற்றிப் பேசினார், பிறகு குரலை உயர்த்தினார்.

"சோத்துக்குள்ள கண்ணாடியைப் பொதிஞ்சு குடுத்த அந்தப் புண்ணியவாளன் யாரோ, புண்ணியவதி யாரோ, இந்தக் கூட்டத்துலதான் உக்காந்துருக்கோணும்! அவிங்க எப்பேர்ப்பட்டவங்களா இருந்தாலும் சரி, இந்தச் சென்னியப்பன் அவிங்களைச் சும்மா உடப் போறதில்லை!"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பொட்டலம் உள்ளே வந்தது. வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள், எப்படியோ வந்துவிட்டது. வாசலோரம் இருந்த நாலு பேர், பழக்கத்தில், "வாங்க, வாங்க" என்றார்கள். நடுவரிசைக்காரர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பொட்டலம் நிதானமாக நடந்து வந்து, மூன்றாம் வரிசையில் ஏறி, பூங்கோதையின் மடியில் உட்கார்ந்தது.

சென்னியப்பன், வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். மைக் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கூவிக்கொண்டிருந்தது.

பூங்கோதை பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான்தானுங்க" என்றாள். "எலுமிச்சை ஊறுகா பாட்டிலு. வேன்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு. பேப்பர்ல சுத்தி வெக்கோணும்னு தோணுச்சு. தோணியும் வெக்கலைங்க. எடுக்கறவங்க கையை நான் நெனைக்கவே இல்லை."

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"தெரியுமாக்கா?"

"பன்னண்டு வருசமா உங்க எல்லாரூட்டுக் குப்பையும் என் கையிலதான் பிரியுது. யாரூட்டுல கத்திரிக்கா, யாரூட்டுல மாத்திரை, யாரூட்டுல முட்டைன்னு எனக்குத் தெரியாதா? எலுமிச்சை ஊறுகாயில அத்தனை வெந்தயம் போடறது நீங்க ஒருத்தர்தான்."

"அப்புறம் ஏனக்கா சொல்லலை?"

"யாரு கேட்டாங்க? ஆஸ்பத்திரியில கண்ணாடியா தகரமான்னு கேட்டாங்க. யாரூட்டுதுன்னு ஒருத்தரும் கேக்கலை." மயிலாத்தாள், பஸ் நேரம் சொல்கிறவள் மாதிரி சாதாரணமாகப் பேசினாள். "இன்னொண்ணு. இப்ப அந்தப் பொட்டலம் உள்ள வர்றப்ப நாலு பேரு வாங்கன்னு சொன்னீங்க. ஊட்டுல கெடந்தப்பவே கேள்விப்பட்டேன், எல்லாக் குப்பைக்கும் வாங்கங்கறீங்களாம். நானும் நாப்பத்திரண்டு கேட்டுக்கு முன்னால பன்னண்டு வருசமா வந்து நிக்கறேன். வண்டி வந்துருச்சுங்கற சத்தம்தான் கேட்டுருக்கேன்."

கட்டடத்திலிருந்த எண்பத்துச் சொச்சம் பேரும், பதறிப்போய், ஒரே குரலில், "வாங்க மயிலக்கா!" என்றார்கள்.

"இப்ப எங்கீங்க வர்றது? வந்து உக்காந்து ஒரு மணி நேரமாச்சு" என்றாள் மயிலாத்தாள்.

முதலில் சிரித்தது ரெஜினா டீச்சர். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், வெட்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே. பூங்கோதையால் சிரிக்க முடியவில்லை. அவள் முன்னால் போய், மயிலாத்தாளின் வலது கையைப் பார்த்தாள். வடு சிவப்பாக இருந்தது. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, மோதிர விரல் மட்டும் நீட்டியபடி நின்றது.

"மன்னிச்சுக்குங்கக்கா."

"அது மடங்காதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. மடங்கற அன்னைக்கு மன்னிக்கறேன்." சொல்லிவிட்டு இடது கையை நீட்டினாள். "அதை இப்படிக் குடுங்க."

பூங்கோதை கொடுத்தாள். மயிலாத்தாளின் கைக்குப் போனதும் பொட்டலம் ஒரு முறை சிலிர்த்து, பிறகு வெறும் கண்ணாடியாகவும் வெறும் தாளாகவும் ஆகி, கனத்தது. அதற்குப் பிறகு அது நடக்கவில்லை.

"உங்கூட்டுச் சமையக்கட்டு மாத்திக் கட்டியிருக்கறதாச் சொல்லிக்கறாங்களே, காட்டுங்க பாக்கலாம்" என்றாள் மயிலாத்தாள்.

சால்வையோடு அவள் பதினேழாம் நம்பர் வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தாள். சமையலறையைக் கம்பெனி மேனேஜர் மாதிரி சுற்றிப் பார்த்தாள். பச்சை வாளியைத் திறந்து மூடினாள். "இது சரி" என்றாள். நீல வாளியைத் திறந்தாள். "இது சரியில்லை. ஈரக் கவரை இதுல போட்டா பேப்பரும் ஊறிப்போகும், அப்புறம் எடைக்காரன் வாங்க மாட்டான். சன்னலோரமா ஒரு கொடி கட்டி, பால் கவரைக் கழுவிக் கிளிப் போட்டு மாட்டுங்க, காஞ்சப்புறம் உள்ள போடுங்க. உடைஞ்சது, பிளேடு, ஊசிக்கெல்லாம் மூடி போட்ட தகர டின்னு ஒண்ணு வேணும், வாசலுக்குப் பக்கத்துல. என் கையில நேரா குடுக்கோணும், கேட்டுல மாட்டறது கூடாது." பூங்கோதை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். சென்னியப்பன் தாமே டீ போட்டு, வீட்டில் எல்லாரும் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரிலேயே மூன்று டீ கொண்டுவந்து வைத்து, டீத்தூளை மறக்காமல் இடது பக்கக் கிண்ணத்தில் தட்டினார். தம் டம்ளரில் மட்டும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தார். பூங்கோதை தலையாட்டுவதை நிறுத்தாமலே அதை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

அந்த மாதத்தோடு குப்பை நடப்பது நின்றது. கொஞ்ச நாள் ஜனங்களுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார்கள், ஒன்றும் வராது. பக்கத்து நகரிலிருந்து வந்து பெண் பார்த்தவர்கள், பெண் வீட்டுச் சமையலறையில் எத்தனை வாளி என்று எண்ணிவிட்டுப் போனார்கள். மயிலாத்தாளின் வண்டி விசில் சத்தம் கேட்டதும் ஆளாளுக்குக் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "வாங்க மயிலக்கா, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று உபசரித்ததில், ஒன்பதரைக்கு முடிய வேண்டிய வேலை பதினொன்றரை ஆனது. "சாமி, வாங்கன்னு சொன்னாப் போதும், உக்கார வெக்காதீங்க" என்று மயிலாத்தாள் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அது ஓர் அளவுக்கு வந்தது.

ஐப்பசியில், பூங்கோதை அடிப்பானையைத் திறந்தாள். தோலும் இல்லை, காம்பும் இல்லை. மழை நனைத்த காட்டு மண்ணின் வாசனையோடு, கறுப்பாக, உதிரியாக ஒரு பானை நிறைய உரம் இருந்தது. அதைச் சலித்து, கண்ணில் படுகிற குச்சியையெல்லாம் பொறுக்கி எறிந்து, அரிசிப் பையில் கட்டி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மயிலாத்தாளின் லைன் வீட்டுக்குப் போனாள். மயிலாத்தாள் அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நீட்டிய விரல் இடிக்காமல் முடிச்சுப் போட இப்போது பழகியிருந்தாள்.

"என்னுங்க பையில?"

"உரமுங்க. முதல் பானை. உங்களுக்குத்தான்னு கொண்டாந்தேன்."

மயிலாத்தாள் பையையும் பூங்கோதையையும் மாறி மாறிப் பார்த்தாள். "பன்னண்டு வருசமா உங்கூட்டுக் குப்பையை நான் வந்து எடுத்துட்டுப் போனேன். இப்ப நீங்களே என் ஊட்டுக்கு நேரா கொண்டாந்து போட ஆரம்பிச்சுட்டீங்களா?"

பூங்கோதைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, இல்லைங்கக்கா…"

மயிலாத்தாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் தரையில் உட்கார்ந்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். உள்ளங்கையில் பரப்பி, வெயிலில் சாய்த்து, சாய்த்து, ஓர் இடத்தில் நிறுத்தினாள். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், ஆப்பிளில் ஒட்டியிருக்கும் பொட்டு அளவு ஸ்டிக்கர் ஒன்றைக் கிள்ளி எடுத்து நீட்டினாள்.

"இது மக்காதுங்க."

பூங்கோதை அதை வாங்கிக்கொண்டாள். போடுவதற்கு அங்கே இடம் எதுவும் தெரியாததால், தன் கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, பத்திரமாக வைத்து மூடிக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.